எடை போடாத பெட்டி

பர்கூர் பள்ளி மைதானத்தில்
விடிவதற்குக் கொஞ்சம் முன்
பலூனின் கழுத்தில் தண்ணீர் பாட்டிலைக் கட்டினோம்.
ஒன்றரை லிட்டரைத் தூக்கினால் போதும்,
காஸை நிறுத்திவிடலாம்.
சிலிண்டர் இம்தியாஸுடையது;
முந்தின இரவு ஒரு வரவேற்பில்
இதய வடிவ பலூன்களுக்குப் போக மிச்சம்.

பெட்டி, மீன்கடைத் தெர்மாகோல்.
மூன்று நாள் ஹெலன் வெயிலில் காயவைத்தும்
வஞ்சிர வாசம் போகவில்லை.
உள்ளே பேட்டரி, கேமரா,
கட்டைவிரல் அளவு டிரான்ஸ்மிட்டர்.
மேலே மார்க்கரில் நான் எழுதினேன்:
பயப்பட வேண்டாம். வெடிக்காது.
கண்டெடுத்தவர் அழைக்கவும்.

விமான நிலையத்துக்குப் போனில் நேரம் சொன்னபோது
என்ன நிறம் என்று கேட்டார்கள்.
வெள்ளை என்றேன்.
மேகமும் அதுதானே, என்றார் அந்தப் பக்கத்தவர்,
சிரித்தாரா என்று தெரியவில்லை.

விட்டதும் கயிறு உள்ளங்கையை உரசி ஓடியது.
யாரும் கைதட்டவில்லை.
ஆறு மாதம் அதைப் பற்றியே பேசியிருந்தோம்.
கொசுவாகச் சுருங்க
நான்கு நிமிடம் போதுமாக இருந்தது.

ஆடிக்காற்று கிழக்கே தள்ளிற்று.
நாட்றம்பள்ளிப் பக்கம் வேனைத் திருப்பிய இம்தியாஸை
பொறு, என்றாள் ஹெலன்,
மேல வேற காத்து.
பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில்
மறந்த குடையை எடுக்க வருகிறவரைப் போல
அது திரும்பியது.
எங்கள் தலைக்கு மேலேயே போனது,
எங்களுக்குத் தெரியாமல்.

முப்பதாயிரத்து நானூறு மீட்டர்.
அப்புறம் எண்கள் சரியத் தொடங்கின.
வெடித்த சத்தம் கேட்கவில்லை;
திரையில் ஒரு கழித்தல் குறி,
அவ்வளவே.

ராயக்கோட்டை தாண்டி
கல்லுடைத்துப் பாதியாக நின்ற குன்றின் பின்னால்
ஆயிரத்து நூறு மீட்டரில் குரல் அறுந்தது.
இஞ்சு டேப்பை வெட்டிச் செய்த ஆன்டெனாவை
சன்னலுக்கு வெளியே நீட்டியபடி
உத்தனப்பள்ளி சாலையில் ஊர்ந்தோம்.
ஒரு போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார்.
வண்டில டிவி தெரியலையா, என்றார்.

பதினொன்றரைக்கு
கரகரப்பினூடே இரண்டு கீச்சு.
மறுபடி நான்கு.
வேகம்: மணிக்கு நாற்பத்திரண்டு.
தரையில் விழுந்தது எப்படி ஓடும்?
ஓடி வந்தது. எதிரே வந்தது.
வேனின் பக்கக் கண்ணாடியை உரசாத குறையாக
காதடைக்கும் கீச்சோடு கடந்து போனது
ஒரு தக்காளி லாரி.

மண்டியில் ஏலம் ஓடிக்கொண்டிருந்தது.
கிலோ பதினொன்று, பதினொன்றரை.
முப்பத்தோராவது கிரேட்டின் மேல்
எடை போடாமல் எங்கள் பெட்டி;
ஆரஞ்சுப் பாராசூட் புடவைபோல் மடித்து
கயிறு சுற்றி வைத்திருந்தது.
பக்கத்தில் கெம்பம்மா,
கையை எடுக்காமல்.

நாலு செடி ஒடிஞ்சிபோச்சி, என்றார் முதலில்.
நம்பர்ல கடேசி ரெண்டு அழிஞ்சிருந்திச்சி.
அதான் மண்டிக்கு எடுத்தாந்தேன்.
இங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுமே.

எவ்வளவு உயரம் போச்சி?
முப்பது கிலோமீட்டர், என்றாள் ஹெலன்,
கொஞ்சம் பெருமையாக.
அப்ப கிருஷ்ணகிரி தூரந்தான்,
என்றார் கெம்பம்மா.
பஸ்ஸு கெடச்சா ஒரு மணி நேரம்.

செடிக்கு இருநூறு வாங்கி எண்ணிக்கொண்டார்.
பாராசூட்டையும் கேட்டார், நாற்று மூட.
கொடுத்தோம்.

ராத்திரி மெமரி கார்டைத் திறந்தோம்.
பகல் பதினொரு மணியில் இல்லாத கறுப்பு ஆகாயம்,
அதன் ஓரத்தில்
பால் ஆடை தடிப்புக்கு நீலம்.
அடுத்து தலைகீழாக இலைகள்.
அடுத்து எறும்பு; வெகுநேரம் அதே எறும்பு.
அடுத்து ஒரு மூக்குத்தி,
ஒரு கண்,
படம் முழுக்க ஒரு கேள்வி.
மீதி எழுபது படமும்
கிரேட் இடுக்கில் கசிந்த சிவப்பு.

மைனஸ் ஐம்பதுக்குப் போய் வந்தும்
பெட்டியில் வஞ்சிரம் மணக்கிறது,
இப்போது தக்காளிக் காம்பும்.
நான் நம்பரை ஆணியால் கீறிக்கொண்டிருக்கிறேன்,
இந்தமுறை
இரண்டு பக்கமும்.